முப்பத்து நான்கு நிமிட ஆகாயம்

அத்தியாயம் 7

"பெட்டியக் கட்டினது அந்தப் பொண்ணு. கொண்டு போனது ஆஸ்டின். நடுவுல இருந்தது வெறும் ஆகாயம். ஆகாயமா மேடம் திருடும்?"

மேனேஜர் அண்ணாதுரை தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். போச்சம்பள்ளியில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கம்பெனியை நடத்துவதே அவர்தான் என்று அவரே நம்பினார். ஏ.சி. அறை, டீ, பிஸ்கட், இனிக்க இனிக்கப் பேச்சு என்று உபசாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. முனிலட்சுமிக்குத்தான் நாற்காலி பொருந்தவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் துப்பறியும் ஏஜென்சி வைத்திருப்பவள் அவள். பத்து வருடமாக மாப்பிள்ளை விசாரித்தே பிழைப்பு ஓடியது. இப்போது ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிஃப்ட் விடும்போது வஜிஹா என்கிற பெண்ணைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள். இப்போதே மணி ஒன்றரை. மனுஷி எப்படி உட்காருவாள்?

நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புதிதாக வரப்போகும் ஒரு ஸ்கூட்டருக்கு முகப்பு விளக்கு மூடி. அதன் முதல் சாம்பிளை வெள்ளிக்கிழமை சென்னையில் உள்ள கஸ்டமர் கம்பெனிக்கு விமானத்தில், கையோடு கொண்டுபோகச் சொல்லி எம்.டி. உத்தரவு போட்டார். கம்பெனிக்காரர்கள் இதை 'ஹேண்ட் கேரி' என்பார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வஜிஹா சாம்பிளைப் பெட்டியில் வைத்து, கம்பெனி பெயர் அச்சடித்த டேப்பை ஒட்டி, டிஸ்பாட்ச் பிரிவு ஆஸ்டினிடம் கொடுத்தாள். ஆஸ்டின் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான். சென்னையில் பிரித்தால் தெர்மாகோலுக்கு நடுவே ஒரு கிரானைட் துண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஆஸ்டின் மேல சந்தேகமே இல்லையா?" என்றாள் முனிலட்சுமி.

"அவன் எங்க மேடம் பிரிக்கறது? வாசல்ல டாக்ஸி. அப்புறம் ஏர்போர்ட், செக்யூரிட்டி, கேமரா. ஏறினா பக்கத்து சீட்ல ஆளு. இருநூத்தி அறுபத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தி நாலு நிமிஷம். ஏறினா எறங்கிடலாம். எங்க எம்.டி. போட்ட கணக்கு அது. அவருக்கு ஃப்ளைட்டுன்னா உசுரு, போன்ல எப்பவும் அதத்தான் பாத்துட்டு இருப்பாரு." மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ஆஸ்டின் பெயரில் விமானத்துக்கான போர்டிங் பாஸ். "டேப்பு ஸ்டோர்லதான் இருக்குது. வேற யாரு மேல போறது சொல்லுங்க. எனக்கே பாவமாத்தான் இருக்குது."

பாவப்படுகிறவர் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். முனிலட்சுமி வெளியே வந்தாள்.

கேட் பக்கத்தில் வஜிஹாவின் அப்பா காஜா மொய்தீன் வெயிலில் நின்றிருந்தார். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி வியாபாரி. இந்த வேலையை முனிலட்சுமியிடம் கொடுத்தவர். செக்யூரிட்டி போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை.

"எதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இப்பத்தான பாய் ஆரம்பிச்சிருக்கறன்."

"எம் மவ எடுக்கலம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா ஸ்டேஷன் படி ஏறிட்டான்னா, நாளைக்கு ஜட்ஜே வந்து இல்லன்னு சொன்னாலும் ஊரு கேக்காது. அஞ்சு மணிக்குள்ள எதாச்சும் பண்ணும்மா."

முனிலட்சுமி தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினாள்.

ஸ்டியரிங்கில் ரெக்ஸ். அவளுடைய உதவியாளன். அதற்கு முன் ஐந்து வருடம் ஓசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டியவன். டிராபிக்கில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து வாய் மட்டும் நீண்டுவிட்டது.

"சாமல்பட்டிக்கு உடு. ஆஸ்டின் இன்னிக்கு லீவு, காய்ச்சலாம்."

"கல்லத் தூக்கிட்டுப் போனா காய்ச்சல் வரத்தான செய்யும்" என்றான் ரெக்ஸ். "எனக்கு ஒண்ணு புரியலக்கா. எங்கம்மா ஊறுகாய் பாட்டில ஏர்போர்ட் மிஷின்ல மூணு வாட்டி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பிரிச்சு மோந்து கூட பாத்தாங்க. சீல் வெச்ச பெட்டிக்குள்ள கருங்கல்லப் பாத்துட்டு, போய்ட்டு வாப்பான்னு உட்ருவாங்களா?"

"அதத்தான் நானும் நெனச்சிட்டு இருக்கறன்."

"ஏறுனானா இல்லையான்னு ஏர்லைன்ஸ்ல கேட்டுட்டா?"

"நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. போலீஸ் கேட்டா சொல்வாங்க. போலீஸ் கேக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கும். வேகமாப் போ."

சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஆஸ்டின் வீடு. போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நெற்றியில் துளிகூடச் சூடு இருக்காது என்று முனிலட்சுமிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இங்கேயும் அவள் உட்காரவில்லை. டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த நாலடி இடத்தில் நடந்தாள்.

"வெள்ளிக்கிழமை பயணம் எப்பிடி இருந்துச்சு தம்பி?"

"நல்லா இருந்துச்சு மேடம். இருநூத்தி அறுபத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தி நாலு நிமிஷம். ஏறினா எறங்கிடலாம்."

முனிலட்சுமியின் நடை நின்றது. காலையிலிருந்து அவள் நின்றது அப்போதுதான்.

"இங்கேருந்து ஏர்போர்ட் போக எவ்ளோ நேரம் ஆச்சு?"

"அது... ஒரு மணி நேரம் மேடம்."

ரெக்ஸுக்குப் புரையேறியது. "போச்சம்பள்ளிலேர்ந்தா? பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன்ல டிராபிக் எப்பிடி இருந்துச்சு?"

"ஃப்ரீயா இருந்துச்சு."

ரெக்ஸ் எழுந்துவிட்டான். "எந்திரிங்கக்கா போலாம். சில்க் போர்டு ஃப்ரீயா இருந்துச்சாம். நான் அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கறன், ஒரு நாளு கூட பாத்ததில்ல."

"ஊரிகே உண்டுரா" என்றாள் முனிலட்சுமி. சும்மா இரு என்று அர்த்தம். அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும்.

ஆனால் ரெக்ஸ் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்து மனிதர் யாராவது பெங்களூர் விமான நிலையத்துக்குப் போய்விட்டு வந்தால், முதல் பத்து நிமிடம் ரோட்டைத்தான் திட்டுவார். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த லாரிக்காரன் குறுக்கே வந்தான் என்று எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகுதான் விமானமே பேச்சில் வரும். ஆஸ்டின் பேச்சில் விமானம் மட்டும்தான் இருந்தது. ரோடே இல்லை.

ஆஸ்டின் மனைவி ஜெயசெல்வி தண்ணீர் சொம்போடு வந்தாள். புருஷனைக் காப்பாற்றும் ஆவேசம் முகத்தில் தெரிந்தது. பாவம், அவள் வாயால்தான் அவன் கெட வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"அவரு ஃப்ளைட்லதான் போனாருங்க. புள்ளகிட்ட கூட சொல்லிட்டுத்தான் போனாரு. திரும்பி வரப்ப ஒரு சாக்லேட்டு வாங்கியாந்தாரா? இல்ல. பிரியாணி பார்சலு. அதுவும் கத்திரிக்காயோட. எங்க வீட்ல கத்திரிக்காய யாரு தொடறா?"

ரெக்ஸ் மெதுவாகத் திரும்பினான். "பிரியாணிக்குக் கத்திரிக்காயா? அரிசி சீரக சம்பாவா?"

"ஆமாந் தம்பி. பொடி அரிசி."

"அக்கா" என்றான் ரெக்ஸ் பணிவாக. "சென்னை ஃப்ளைட்டு ஆம்பூர்ல நிக்குமா?"

ஆஸ்டின் போர்வையை எடுத்து ஓரமாக வைத்தான். இனி அதற்கு வேலை இல்லை.

"நான் எடுக்கல மேடம். மாதா மேல சத்தியம். ஃப்ளைட்ல போகல, அது நெஜம். தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேர்ற நேரத்துல வேலூரு தாண்டிடலாம். இங்க எல்லாரும் கார்லதான் போவோம். எம்.டி. கோயம்புத்தூர்க்காரரு, அவருக்கு மட்டும்தான் தெரியாது. செக்-இன் பண்ணி பாஸ் எடுத்து வெச்சுக்கோ, ஃப்ளைட்ல போனேன்னு சொல்லிடு, வா கார்ல போலாம்னாங்க. வெளையாட்டாத்தான் நெனச்சன்."

"எந்தக் கார்?"

"கம்பெனி கார். எம்.டி. பேர்ல இருக்கற வெள்ளை வண்டி."

"ஓட்டினது யாரு?"

ஆஸ்டின் தரையைப் பார்த்தான். "அத மட்டும் கேக்காதீங்க. பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நானு. வாயத் தொறந்தா திருடன் நீதான்னு ஆக்கிடுவன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னும் பர்மனென்ட் கூட ஆகல."

"போற வழியில சாப்பிடறப்ப பெட்டி எங்க இருந்துச்சு?"

"கார்ல. அவரும் கார்லதான் இருந்தாரு. வயிறு சரியில்ல, நீ போய் சாப்பிடுன்னாரு. திரும்பி வரப்ப பார்சல் கூட அவரே வாங்கிக் குடுத்தாரு."

முனிலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால் தாண்டியிருந்தது. இவனைப் பேச வைக்க இன்னும் ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும், அதற்கு நேரம் இல்லை என்ற எரிச்சலில் அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அந்த வேலையை ஜெயசெல்வி செய்தாள். கொடியில் கிடந்த சட்டையை உருவிப் புருஷன் மடியில் போட்டாள்.

"அங்க ஒரு பொண்ணப் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாம். நீ இங்க காய்ச்சல்னு படுத்துக்கற. நானும் கஞ்சி வெச்சுக் குடுத்திருக்கறன். எந்திரிச்சுப் போய் சொல்லு. வேல போனா போவுது, நான் கம்பெனிக்குப் போறன்."

ஆஸ்டின் சட்டையை மாட்டினான். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே பின் சீட்டில் ஏறினான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முனிலட்சுமி காரிலிருந்து இறங்கி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி வந்து ஏறி, மறுபடி இறங்கினாள்.

"நீங்க இறங்கித் தள்ளினாலும் அது வேகமா போகாதுக்கா" என்றான் ரெக்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வண்டி எம்.டி. பேர்ல. ஃப்ளைட்டுல போகச் சொன்னது எம்.டி. அந்த முப்பத்தி நாலு நிமிஷக் கணக்கும் எம்.டி. போட்டது. முதலாளியே சொந்தப் பொருளத் திருடி அடுத்தவனுக்கு வித்துட்டு, பழிய அந்தப் பொண்ணு மேல போடறாரா?"

முனிலட்சுமி தன் போனை அவனிடம் நீட்டினாள். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரத்தையும் நேரத்தையும் சொல்கிற ஏதோ ஒரு இணையப் பக்கம். பெங்களூர், சென்னை. இருநூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர். முப்பத்து நான்கு நிமிடம்.

"ரெண்டு பேரும் எழுத்து மாறாம ஒப்பிச்சது இதத்தான். மேனேஜர் காட்டின போர்டிங் பாஸ்ல கெளம்பற நேரம், எறங்கற நேரம் ரெண்டையும் பாத்தன். இதுக்கு டபுள் வருது."

"அப்ப இதப் பாத்து சொல்லிக் குடுத்தவருதான் ஓட்டினவரு. எம்.டி.தான்."

"கேட் தொறந்துட்டாங்க. நீ வண்டிய எடு."

அவர்கள் எம்.டி. அறை வாசலுக்கு வந்தபோது மணி நாலரை ஆகிவிட்டது. உள்ளே எம்.டி. மேஜை முன்னால் மேனேஜர் அண்ணாதுரை புகார் மனுவோடு நின்றிருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆஸ்டினை ரெக்ஸோடு வெளியிலேயே நிறுத்திவிட்டு முனிலட்சுமி மட்டும் உள்ளே போனாள்.

"வாங்க மேடம். எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்றார் எம்.டி. பேனா மூடி திறந்திருந்தது.

"ஒரே ஒரு கேள்வி சார். பெங்களூர்லேர்ந்து சென்னைக்கு ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்?"

எம்.டி. முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த பாடம். "ஒரு மணி அஞ்சு நிமிஷமுங்க. நான் மாசத்துக்கு நாலு தடவ போறனுங்களே. மழை பெஞ்சுதுன்னா மேலயே ரெண்டு ரவுண்டு சுத்துவான், அது தனி."

"முப்பத்தி நாலு நிமிஷத்துல போயிடலாம்னு..."

"எவனுங்க சொன்னது? ஃப்ளைட்டு ஓடுபாதைக்கு வந்து நிக்கறதுக்கே இருபது நிமிஷம் ஆவுமுங்க. ஏறிப் பாத்தவன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்."

"எம்.டி. போட்ட கணக்குன்னு என்கிட்ட சொன்னாங்க சார்."

எம்.டி. நிமிர்ந்தார். அண்ணாதுரை மனுவின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"உங்க வெள்ளைக் கார் வெள்ளிக்கிழமை எங்க இருந்துச்சு சார்?"

"சர்வீஸுக்கு விட்டிருந்துச்சுங்க. அண்ணாதுரைதான் கிருஷ்ணகிரில கொண்டு போய் விட்டாரு. அன்னைக்கு அவரு லீவு கூட."

"டோல்கேட்ல காசு எடுத்தா மெசேஜ் யார் போனுக்கு வரும்?"

"என் போனுக்குத்தானுங்க வரும். அதையெல்லாம் யாருங்க படிக்கறது."

"இப்பப் படிங்க சார். வெள்ளிக்கிழமை."

எம்.டி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே போனார். வாணியம்பாடி. பள்ளிகொண்டா. வாலாஜா. போகும்போது ஒரு வரிசை, வரும்போது ஒரு வரிசை. சர்வீஸில் இருந்த கார் சென்னைக்குப் போய்விட்டு வந்திருந்தது. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு அண்ணாதுரையையே பார்த்தார்.

"சார், அது வந்துங்க சார்..." என்றார் அண்ணாதுரை.

முனிலட்சுமி கதவைத் திறந்தாள். ஆஸ்டின் உள்ளே வந்தான்.

"மேனேஜர் சார்தான் ஓட்டினாரு. ஆம்பூர்ல நான் சாப்பிடறப்ப பெட்டியோட கார்ல இருந்தது அவரு மட்டும்தான் சார். இந்த டேப்பு அவரு ட்ராயர்லயும் ஒரு ரோல் இருக்குது."

"கல்ல மாத்தி வெக்க, கரெக்டா அந்த முப்பத்தி நாலு நிமிஷம்தான் ஆயிருக்கும்" என்றான் கதவோரம் நின்ற ரெக்ஸ். முனிலட்சுமி முறைத்தாள்.

அண்ணாதுரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சாம்பிளைக் கொடுத்தால் ஓசூரில் ஒரு போட்டிக் கம்பெனி அவருக்கு டைரக்டர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தது. சாம்பிள் இன்னும் அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, இன்று ராத்திரி கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார். எம்.டி. மனுவைக் கிழிக்கவில்லை. வஜிஹா பெயரை அடித்துவிட்டு மேலே அண்ணாதுரை பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணி சங்கு ஊதியது. வாசலில் மூன்று கம்பெனி பஸ்களும் வரிசையாக நின்றன. பெண்கள் டிபன் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து ஒரு சின்ன அறையில் உட்கார வைக்கப்பட்டிருந்த வஜிஹா வெளியே வந்தாள். எம்.டி. அவளிடம் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் சீக்கிரம் முடித்துக்கொள்ள நினைத்தார்.

"எல்லாம் தெளிவாயிருச்சும்மா. உம்மேல ஒண்ணுமில்ல. நாளைக்கு வழக்கம்போல வந்துரு, சரியா?"

வஜிஹா அழுவாள் என்று முனிலட்சுமி நினைத்தாள். அழவில்லை.

"சனிக்கிழம இதே எடத்துல என் பையத் தலகீழாக் கொட்டினாங்க சார். சாப்பாட்டு டப்பா, துணி எல்லாம் ரோட்ல உருண்டுச்சு. மூணு பஸ்ஸு ஆளுங்களும் எட்டிப் பாத்தாங்க. நாளைக்கு நான் எந்த பஸ்ல ஏறி வர்றது?"

"நோட்டீஸ் போர்டுல போட்டுரலாம்மா."

"அத யாரும் படிக்கறதில்ல சார்."

எம்.டி. முனிலட்சுமியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்கிற பார்வை. அவள் கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

எம்.டி. முதல் பஸ்ஸின் படியில் ஏறினார். உள்ளே பேச்சு நின்றது. தொண்டையைச் செருமினார். "வஜிஹா எதையும் எடுக்கலைங்க" என்றார்.

"கேக்கல சார்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவருக்கு முகம் சிவந்தது. உள்ளே இன்னும் இரண்டடி போனார். "வஜிஹா எதையும் எடுக்கல. எடுத்தது வேற ஆளு. விசாரிக்காம அந்தப் பொண்ணு மேல பழி போட்டது நாங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க." இந்த முறை ரோடு வரைக்கும் கேட்டது. கேட் பக்கம் நின்ற காஜா மொய்தீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முன் சீட்டுப் பெண் ஒருத்தி தன் பையை மடிக்கு எடுத்துவைத்து இடம் விட்டாள்.

எம்.டி. படியிறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தன் அறைப் பக்கம் நடந்தார்.

"சார்" என்றாள் வஜிஹா. "இன்னும் ரெண்டு பஸ்ஸு இருக்குது."